கூகுளில் முதல் பக்கம்... பிங்கில் ஆளையே காணோம், ஏன்?

ஒரே வார்த்தையை கூகுளிலும் பிங்கிலும் தேடிப் பாருங்கள். முதல் பத்து முடிவுகள் அப்படியே ஒத்துப்போவது அபூர்வம். இரண்டும் பார்ப்பது ஒரே இன்டர்நெட்தானே, பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

நாம் கேட்கும் நொடியில் எந்தத் தேடுபொறியும் இணையம் முழுக்க ஓடித் தேடுவதில்லை. முன்கூட்டியே பக்கங்களைப் படித்து 'இண்டெக்ஸ்' போட்டு வைத்திருக்கிறது. அதில் சேராத பக்கம் முடிவிலும் வராது. ஆளாளுக்கு இண்டெக்ஸ் வேறு.

அடுத்தது வரிசை. ஒரு பக்கத்துக்கு யாரெல்லாம் லிங்க் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்து மதிப்பு போடும் 'பேஜ்ரேங்க்' முறையை 1998-ல் லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் விளக்கினார்கள். அது ஊரறிந்த விஷயம். இன்றைய பலம் வேறு இடத்தில் இருக்கிறது: நம்முடைய கிளிக்.

எந்த முடிவைத் தட்டினோம், உடனே திரும்பி வந்துவிட்டோமா, அங்கேயே தங்கினோமா... இதையெல்லாம் வைத்து முடிவுகளை ஏற்றி இறக்கும் 'நேவ்பூஸ்ட்' பற்றி, அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில்தான் விவரமாகத் தெரியவந்தது. 13 மாத கிளிக்குகள் அதற்குத் தீனி. கூட்டம் வரும் கடைக்குத்தான் எந்தச் சரக்கு போகும் என்று தெரியும். பிங்குக்கு அவ்வளவு கூட்டம் இல்லை. அரிதான தேடல்களில் அந்தக் குறை பளிச்சென்று தெரியும்.

கூட்டம் தானாக மட்டும் வரவில்லை. போன்களிலும் பிரவுசர்களிலும் தானே முதலில் இருக்க, 2021-ல் மட்டும் 2,630 கோடி டாலர் கொடுத்தது கூகுள். சட்டவிரோத ஏகபோகம் என்று 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்தார். இண்டெக்ஸ், கிளிக் விவரங்களில் ஒரு பகுதியைத் தகுதியுள்ள போட்டியாளர்களுக்குத் தர வேண்டும் என்று 2025 செப்டம்பரில் உத்தரவிட்டார். வரிசைப்படுத்தும் சூத்திரத்தைத் தரச் சொல்லவில்லை.

'கூகுளே வேண்டாம், டக்டக்கோ போதும்' என்பவர்கள் கவனிக்க: அதன் வழக்கமான லிங்க்குகள் பெரும்பாலும் பிங்கிடம் இருந்து வருபவை. யாகூவும் அப்படித்தான். 2024 மே மாதம் பிங் சில மணி நேரம் படுத்தபோது டக்டக்கோவும் இகோசியாவும் சேர்ந்தே படுத்தன. போர்டு நிறைய, சமையலறை ஒன்று. பிரேவ் போன்ற சிலர்தான் சொந்த இண்டெக்ஸ் கட்டுகிறார்கள்.

சொந்தமாகத் தளம் நடத்துபவர்களுக்கு இதில் ஒரு லாபம் உண்டு. கூகுள் சர்ச் கன்சோலோடு நிற்காமல், பிங் வெப்மாஸ்டர் டூல்ஸிலும் தளத்தைச் சேர்த்துவிடலாம். இலவசம்தான். பிங் இண்டெக்ஸில் ஏறிவிட்டால் டக்டக்கோ, யாகூவிலும் தலைகாட்ட வாய்ப்பு உண்டு.