தலையில் முடி நடுவது குற்றமில்லை, தலையை யாரிடம் கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் வாசியுங்கள். பொறுமை இல்லாவிட்டாலும், தவணைக்குப் பணம் கட்டி ஹெயார் ட்ரான்ஸ்பிளான்ட் செய்யப் போகிறவர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் கட்டாயம் வாசியுங்கள்.

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா என்று எந்த டவுனில் பார்த்தாலும் 23, 24 வயதுப் பிள்ளைகள் போனில் பார்ப்பது இதைத்தான். இடது பக்கம் வழுக்கைத் தலை, வலது பக்கம் சினிமா நடிகரின் முடி. கீழே ஒரு வட்ஸ்அப் இலக்கம். இத்தனை கிராஃப்ட் இத்தனை ரூபா, வலியே இல்லை, காலையில் வந்து பின்னேரம் வீட்டுக்குப் போகலாம் என்று விளம்பரம். அதில் சத்திரசிகிச்சை என்ற வார்த்தை மட்டும் இருக்காது.

நாங்கள் ஆசிரியர்கள். எங்களிடம் படித்த பிள்ளைகள் இன்று கடையில் நிற்கிறார்கள், த்ரீவீல் ஓட்டுகிறார்கள், கொழும்பில் வேலை செய்கிறார்கள். அவர்கள் ஏன் இதற்குப் போகிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியாத இரகசியமில்லை. கல்யாணம். பெண் வீட்டார் பயோடேட்டா கேட்டுவிட்டு, அடுத்த மெசேஜில் "தொப்பி இல்லாத போட்டோ ஒன்று அனுப்புங்க" என்கிறார்கள். பிள்ளையின் தொழுகையைப் பற்றி, உழைப்பைப் பற்றிக் கேட்பதற்கு முன் தொப்பிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கும் சமூகம், பிறகு அதே பிள்ளை முடி நடப் போனால் "இவனுக்கு என்ன நடிகன் என்ற நினைப்பா" என்று சிரிக்கிறது. ஸ்டாப் ரூமிலும் இது உண்டு. மாணவர்கள் "பல்ப் சேர்" என்று பட்டப் பெயர் வைத்தால் அது விளையாட்டு. அதையே பெரியவர்கள் சம்பந்தம் பேசும் சபையில் சொன்னால் ஒரு பிள்ளையின் பொக்கட்டில் இருந்து லட்சக்கணக்கில் பணம் போகிறது.

அடுத்தது, "ஹராம்" என்று ஒரே சொல்லில் கதவை மூடுகிறவர்கள். முடியோடு வேறு முடியை ஒட்டுவதைத் தடுத்த ஹதீஸ் ஸஹீஹ் புகாரியில் இருக்கிறது. நோயால் முடி கொட்டிய மகளுக்காகத் தாய் வந்து கேட்டபோதும் நபி (ஸல்) அவர்கள் அதை அனுமதிக்கவில்லை. இதை யாரும் மறைக்கத் தேவையில்லை. ஆனால் அது ஒட்டுமுடி பற்றியது. ஒருவரின் பின்தலையில் இருக்கும் அவருடைய சொந்த வேரை எடுத்து முன்தலையில் வைப்பது வேறு விடயம். 2007 இல் மலேசியாவின் புத்ராஜெயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி, இடையில் ஏற்பட்ட குறையைச் சரிசெய்யும் சிகிச்சைகளின் வரிசையில்தான் உதிர்ந்த முடியை நடுவதையும் சேர்த்தது. பனூ இஸ்ராயீல் கூட்டத்தின் தொழுநோயாளி, வழுக்கைக்காரர், பார்வையற்றவர் ஆகிய மூவரின் ஹதீஸையும் நினைத்துப் பாருங்கள். வானவர் வந்து கேட்டபோது வழுக்கைக்காரர் அழகிய முடியைத்தான் கேட்டார். கிடைத்தது. முடி கேட்டதற்காக அவர் பிடிபடவில்லை. பின்னால் ஏழை ஒருவர் வந்து நின்றபோது தன் பழைய நிலைமையை மறைத்துக் கைவிரித்ததால்தான் பிடிபட்டார். ஆகவே மார்க்கத்தின் பெயரால் இந்தப் பிள்ளைகளை வெட்கப்படுத்தாதீர்கள். வெட்கப்படுகிறவன் வீட்டில் சொல்லமாட்டான். சொல்லாமல் போகிறவன்தான் மலிவான இடத்தில் மாட்டிக்கொள்கிறான்.

மாட்டினால் என்ன நடக்கும்? சென்னையைப் பாருங்கள். 2016 மே மாதம், சென்னை மருத்துவக் கல்லூரியில் இறுதி ஆண்டு படித்த 22 வயது மாணவர் ஒருவர் நுங்கம்பாக்கத்தில் ஓர் இடத்தில் முடி நடுகை செய்துகொண்டார். மயக்க மருந்துக்குப் பின் ஏற்பட்ட சிக்கலில் அவர் உயிர் போய்விட்டது. விசாரித்தபோது அந்த இடத்துக்கு இருந்தது சலூன் நடத்தும் அனுமதி மட்டும்தான் என்று செய்தி வந்தது. பிறகு சீல் வைத்தார்கள். சில மாதங்களில் டொக்டராக வேண்டிய பிள்ளைக்கே கண்ணாடிக் கதவும் ஏசியும் கண்ணை மறைத்தது என்றால், எங்கள் பிள்ளைகள் எம்மாத்திரம்? அது பழைய கதை என்கிறீர்களா? கான்பூரில் முடி நடுகைக்குப் பின் பொறியியலாளர்கள் இருவர் இறந்த விவகாரத்தில் 2025 இல் வழக்குப் பதிவானது ஒரு பல் வைத்தியர் மீது. இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையம் 2022 லேயே சொல்லிவிட்டது: யூடியூப் பார்த்தும் பயிற்சிப் பட்டறைக்குப் போய் வந்தும் இதைச் செய்ய முடியாது, முறையான சத்திரசிகிச்சைப் பயிற்சி வேண்டும். இஸ்தான்புல்லும் இதே கதைதான். டெக்னீஷியன்களை வைத்து வெட்டும் கள்ளச் சந்தைக்கு எதிராக முடி சத்திரசிகிச்சை நிபுணர்களின் சர்வதேசச் சங்கமே பிரசாரம் நடத்த வேண்டி வந்தது.

"ஆயிரத்தில் ஒருவருக்கு நடப்பதைச் சொல்லிப் பயம் காட்டாதீங்க சேர்" என்பார்கள். சரி. சாவை விடுவோம். பிழையில்லாமல் நடந்தாலும் இது என்ன வேலை என்று தெரிந்துகொண்டு போங்கள்.

புதிதாக ஒரு முடியும் முளைப்பதில்லை. பின்தலையில் இருப்பதை முன்னால் மாற்றி வைக்கிறார்கள், அவ்வளவுதான். பின்தலை வேர்கள் எங்கே வைத்தாலும் தங்கள் குணத்தை விடாது என்று நியூயோர்க்கின் நோர்மன் ஒரென்ட்ரைக் 1950 களில் காட்டியதன் மேல்தான் இந்தத் தொழிலே நிற்கிறது. ஆனால் அந்தக் கையிருப்பு ஒரு முறைதான். 23 வயதில் நெற்றியைக் கீழே இறக்கி எல்லாவற்றையும் செலவழித்தால், 35 வயதில் உச்சி கொட்டும்போது வைப்பதற்கு ஒன்றும் இருக்காது. நட்ட முடி முன்னால் நிற்கும், நடாத பழைய முடி அதற்குப் பின்னால் கொட்டிக்கொண்டே போகும், நடுவில் ஒரு தீவு. நல்ல டொக்டர் இளம் பிள்ளைகளைப் பார்த்து "இப்போது வேண்டாம், மருந்து பாவித்துப் பார்ப்போம், பொறுங்கள்" என்பார். எங்கள் பிள்ளைகள் அப்படிச் சொன்னவரை விட்டுவிட்டு "நாளைக்கே வாங்க" என்றவரிடம் போகிறார்கள்.

(வழுக்கையின் கட்டத்தை அளக்க டொக்டர்மார் நோர்வூட் அளவுகோல் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அது ஹட்டனுக்குப் பக்கத்து எங்கள் நோர்வூட் இல்லை, ஓர் அமெரிக்க டொக்டரின் பெயர். ஒரு பிள்ளைக்கு இதை விளங்கப்படுத்தவே அரை மணி நேரம் போனது.)

எல்லா முடி உதிர்வும் வழுக்கையும் இல்லை. டெங்குக் காய்ச்சலுக்குப் பின், பிரசவத்துக்குப் பின், கடுமையான மனக் கஷ்டத்துக்குப் பின் இரண்டு மூன்று மாதத்தில் கொத்துக் கொத்தாகக் கொட்டும். பெரும்பாலும் தானாகவே திரும்பி வரும். இரும்புச்சத்துக் குறைவு, தைரொயிட், பூச்சிவெட்டு ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. இரத்தப் பரிசோதனையில் பிடிபட வேண்டியதைக் கத்தியால் தேடக் கூடாது. கண்டி தேசிய வைத்தியசாலையில் தோல் கிளினிக் இருக்கிறது. இலவசம். வரிசையில் நிற்க வேண்டும் என்பதுதான் கஷ்டம்.

பிறகு, ஆறும் காலம். இதை எந்த வீடியோவும் காட்டுவதில்லை. முதல் சில நாட்கள் நெற்றி வீங்கும், சிலருக்கு வீக்கம் கண் வரைக்கும் இறங்கும். தலை முழுக்கச் சின்னச் சின்னப் பொருக்கு. அது விழ ஒரு கிழமை முதல் இரண்டு கிழமை. அதற்குள் சொறிந்தால் வேர் கையோடு வரும். கொழும்பிலிருந்து வரும் பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலை இடிக்க கினிகத்தேனை வளைவுகளில் தூங்கி வந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். நுவரெலியா குளிருக்குக் கம்பளித் தொப்பி இல்லாமல் வெளியே போக முடியாது, ஆனால் இறுக்கமான தொப்பி கூடாது. ஹெல்மட் கூடாது. மோட்டார் சைக்கிளில் டிலிவரி செய்கிற பிள்ளை எத்தனை நாள் லீவு போடுவான்? கொழுந்து லொறியில் சாக்குத் தூக்குகிறவன்? வியர்வையும் தூசும் பாரமும் அவனுக்கு அந்த நாட்களில் ஆகாது. செலவுக் கணக்கில் இந்தச் சம்பளமில்லாத நாட்களை யாரும் சேர்ப்பதில்லை.

இரண்டாம் கிழமையில் இருந்து இன்னொரு சோதனை. நட்ட முடி கொட்டத் தொடங்கும். அநேகமாக எல்லோருக்கும் நடப்பதுதான். வேர் உள்ளே இருக்கும், முடி மட்டும் விழும். மூன்று நான்கு மாதம் கழித்துத்தான் மறுபடி எட்டிப் பார்க்கும், முழுப் பலன் தெரிய ஒரு வருடம் வரைக்கும் போகும். இதை முன்கூட்டியே சொல்லாததால், ஏமாந்துவிட்டோம் என்று அறைக்குள் அடைந்து கிடக்கும் பிள்ளைகள் உண்டு. அடுத்த மாதம் நிக்காஹ், அதற்கு முன் முடி வைத்துவிடலாம் என்று போகிறவரே, கல்யாணப் போட்டோவில் நீங்கள் இப்போது இருப்பதை விடவும் மோசமாகத்தான் இருப்பீர்கள்.

தொழுகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. வுழூவில் தலையைத் தடவ வேண்டும், ஸுஜூதில் நெற்றி தரையில் பட வேண்டும். டொக்டர் குனியாதே, தேய்க்காதே என்கிறார். மார்க்கத்தில் இதற்கு வழி இருக்கிறது. கட்டுப் போட்ட இடத்தின் மேல் தடவுவதும், நோயாளி உட்கார்ந்து சைகையால் தொழுவதும் எங்கள் பிள்ளைகள் இஸ்லாம் பாடத்தில் படித்தவை. டொக்டர் சொன்ன நாட்களை எழுதிக்கொண்டு போய் முன்கூட்டியே ஊர் ஆலிமிடம் கேளுங்கள். வெட்கத்தில் மறைத்து, ஜும்ஆவில் முதல் ஸஃப்பில் நின்று, நட்டதை முஸல்லாவில் விட்டுவிட்டு வராதீர்கள்.

காசுக் கணக்கு வேறு. 2024 இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. அதன்படி பார்த்தால் ஒவ்வொரு ஒரு லட்சமும் ஒரு தாய் மழையில் மலையேறி வாங்கிய 74 நாள் பேர். அந்த நகையை அடகு வைத்து, மிச்சத்துக்கு நுண்கடன் எடுத்து முடி நடும் பிள்ளையை நாங்கள் திட்டப் போவதில்லை. ஆனால் தவணைக்குச் சத்திரசிகிச்சை விற்கிறவனுக்கு முதல் தவணையிலேயே லாபம் வந்துவிடும். கிருமி தொற்றினால் வரும் செலவு அவனுடைய தவணையில் இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் மருத்துவ நிலையங்கள் பதிவு செய்திருக்க வேண்டும், அதைப் பார்க்க ஓர் ஒழுங்குபடுத்தல் சபையும் இருக்கிறது. டொக்டரின் பதிவு இலக்கத்தை இலங்கை மருத்துவக் கவுன்சிலின் இணையத்தளத்தில் தேடலாம். அங்கே பல் வைத்தியரும் பதிவாகித்தான் இருப்பார், ஆகவே இலக்கம் இருப்பது மட்டும் போதாது, எதில் நிபுணர் என்று கேளுங்கள். வேரை எடுப்பது யார், துளையிடுவது யார், டொக்டர் கடைசி வரை அறையில் இருப்பாரா, மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒக்சிஜனும் அவசர மருந்தும் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். பதில் சொல்ல யோசித்தால் எழுந்து வாருங்கள். பஸ் காசு மட்டும்தான் நட்டம். அந்தச் சபையிடம் எங்கள் கேள்வி ஒன்றுதான்: தமிழில் எங்கள் பிள்ளைகளின் போனுக்கு வரும் இந்த விளம்பரங்களை யாராவது வாசிக்கிறீர்களா?

கடைசியாக, யாரும் விளம்பரம் செய்யாத தலைகளைப் பற்றி. பெற்றோர் கூட்டத்துக்கு வரும் தாய்மார் முக்காடு விலகும்போது பாருங்கள். கொழுந்துக் கூடையின் கயிறு உச்சந்தலையில் எங்கே உட்காருகிறதோ அங்கே முடி தேய்ந்து போயிருக்கும். வருடக் கணக்கில் ஒரே இடத்தில் பாரம் இழுத்தால் வேர் பலவீனமாகும். ஆரம்பத்திலேயே இழுவையை நிறுத்தினால் திரும்பி வரும், தழும்பான பிறகு வராது. அவர்களுக்கு ஹெயார் ட்ரான்ஸ்பிளான்ட் யாரும் விற்பதில்லை, அவர்களும் கேட்கவில்லை. சேலைத் துணியை மடித்துக் கயிற்றுக்கடியில் வைத்துக்கொள்கிறார்கள். முடிக்காக இவ்வளவு பேசும் ஊரில் அந்தக் கயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

தொழிற்சங்கத் தலைவர்களே, அடுத்த முறை சம்பளம் பேச மேசையில் உட்காரும்போது இந்தக் கயிற்றையும் கொண்டு போய் வையுங்கள். பாரம் தோளிலும் இடுப்பிலும் இறங்கும் பட்டி வைத்த பை ஒன்றும் செய்ய முடியாத பொருள் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான் புத்தகம் சுமக்கிறார்கள்.

கொமெண்டில் வந்து எந்தக் கிளினிக் நல்லது என்று கேட்க வேண்டாம். நாங்கள் யாருக்கும் ஏஜென்ட் இல்லை. ஷெயார் செய்வதாக இருந்தால் முழுதாகச் செய்யுங்கள், ஹதீஸ் பகுதியை மட்டும் வெட்டி எடுத்து சண்டைக்குப் பாவிக்காதீர்கள்.