அந்த ரத்தப் பரிசோதனை தூத்துக்குடியிலேயே நடக்கட்டும்

என் சித்தப்பா தூத்துக்குடி திரேஸ்புரத்தில் சங்கு குளித்தவர். நாலு படி ஏறினாலே அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியபோது, "கம்ப்ரசர் காத்தடிச்ச நெஞ்சுல்லா, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள் கூட்டாளிகள். வீட்டிலும் நம்பினோம். பிறகு கால் வீங்கியது. சிறுநீர் சோப்புத் தண்ணீராய் நுரைத்தது. அடிபடாமலே கண்ணைச் சுற்றிக் கன்றிப்போனது. நாக்கு தடித்துப் பேச்சு குழறியது. நெஞ்சுக்கு ஒருவர், சிறுநீரகத்துக்கு ஒருவர் என்று ஆளுக்கொரு சீட்டு எழுதினார்கள். எல்லாச் சீட்டையும் ஒன்றாக விரித்துப் பார்க்க, வேலூரில்தான் ஒரு மருத்துவர் கிடைத்தார். வயிற்றுக் கொழுப்பை ஊசியால் துளி உறிஞ்சி, காங்கோ சிவப்புச் சாயம் ஏற்றி, ஒளிவடிகட்டி பொருத்திய நுண்ணோக்கியில் பார்த்தார்கள்; பச்சையாக மின்னியது. ஏ.எல். அமிலாய்டோசிஸ்.

எலும்பு மஜ்ஜையின் பிளாஸ்மா செல்கள் சில கெட்டு, 'லைட் செயின்' என்ற புரதத்தை ஓயாமல் சுரக்கின்றன. சரியாக மடியாத அந்தப் புரதம் ரத்தத்தோடு போய் இதயத்திலும் சிறுநீரகத்திலும் இழை இழையாகப் படிகிறது.

இதற்கு நல்ல மருந்து வந்திருக்கிறது. டாராடுமுமாப் என்ற எதிர்ப்புரத ஊசி அந்தச் செல்களையே தேடி அழிக்கிறது. 388 பேரிடம் நடந்த ஆண்ட்ரோமெடா ஆய்வில், பழைய மருந்துகளோடு இதையும் சேர்த்துப் போட்டவர்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் நோயின் தடயமே மறைந்தது. பழைய மருந்துகள் மட்டும் பெற்றவர்களில் 18 சதவீதம். 2021-இல் அமெரிக்கா அனுமதித்தது. 2025 மத்திய பட்ஜெட்டில் சுங்க வரி நீக்கப்பட்ட 36 மருந்துகளில் இதுவும் ஒன்று. வரி போனாலும் செலவு லட்சங்களில்தான்.

ஆனால் என் ஆதங்கம் விலையோடு முடியவில்லை. ஏற்கெனவே படிந்துவிட்ட புரதத்தை அகற்றுவதற்கென்று உருவான பிர்டமிமாப், அன்செலமிமாப் என்ற இரண்டு எதிர்ப்புரதங்களும் 2025-இல் இறுதிக்கட்ட ஆய்வில் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. ஆக, படிந்ததை உடம்பே மெல்லக் கரைத்தால்தான் உண்டு. அதுவரை இதயம் தாக்குப்பிடிக்க வேண்டும். சித்தப்பாவின் இதயம் தாக்குப்பிடிக்கவில்லை. மருந்தைவிட, சீக்கிரம் கண்டுபிடிப்பதே இந்த நோயில் பெரிய வைத்தியம்.

சர்க்கரை நோய் இல்லாமலே சிறுநீரில் புரதம் கொட்டுகிறதா, உயர் ரத்த அழுத்தம் இல்லாமலே எக்கோவில் இதயச் சுவர் தடித்திருக்கிறதா, உடனே 'ஃப்ரீ லைட் செயின்' ரத்தப் பரிசோதனைக்கு எழுத வேண்டும். சித்தப்பாவின் ரத்தம் வெளியூர் ஆய்வகத்துக்குப் போய்த்தான் முடிவு வந்தது. மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரிகளிலேயே இதை இலவசமாகச் செய்ய மக்கள் நல்வாழ்வுத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் தரும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த ஊசிக்குத் தெளிவான இடம் வேண்டும்.

உங்கள் வீட்டில் யாருக்காவது கால் வீக்கமும் மூச்சிரைப்பும் நுரைத்த சிறுநீரும் சேர்ந்து இருந்தால், எல்லாச் சீட்டுகளையும் ஒரே மருத்துவர் முன்னால் வையுங்கள். "அமிலாய்டோசிஸாக இருக்குமா?" என்று தயங்காமல் கேளுங்கள்.