சீனக்குடாப் புல்தரையும் சிரமதானமும்

மேலை நாடுகளின் கோல்ஃப் திடல்கள் பலவற்றில் பூம்பாத்திகளைப் பேணுவோர் சம்பளம் பெறும் தோட்டக்காரர்கள் அல்லர், ஓய்வுபெற்ற முதியவர்கள். வாரத்தில் ஒருநாள் காலையில் கூடிக் களை பிடுங்குவர், ரோசாச் செடிகளைக் கத்தரிப்பர். சில இடங்களில் கைம்மாறாக ஓர் ஆட்டம் இலவசம். புலம்பெயர்ந்து வாழும் வாசகர்கள் பலர் இதனைக் கண்டிருப்பீர்கள். திருகோணமலையிலும் ஒரு கோல்ஃப் திடல் உண்டே, அங்கு இவ்வழக்கம் ஏன் வேர்விடக் கூடாது என்று கேட்கத் தோன்றும்.

அத்திடல் இருப்பது உட்துறைமுகத்தை ஒட்டிய சீனக்குடாவில். பிரித்தானியரின் விமானத்தளமாக விளங்கி, 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானியரின் குண்டுவீச்சுக்கு இலக்கான இடம் அது. 1957இல் பிரித்தானியர் திருகோணமலைத் தளங்களைக் கையளித்துச் சென்றனர். இன்று அங்கே இலங்கை விமானப்படையின் கல்லூரி இருக்கிறது. 18 குழிகள் கொண்ட கோல்ஃப் திடலும் விமானப்படையின் பொறுப்பிலேயே உள்ளது. கடலும் குன்றும் சூழ்ந்த அழகிய நிலம். அழகில் எனக்கு ஐயமில்லை. அந்நிலத்துக்கும் ஊருக்கும் என்ன உறவு என்பதில்தான் ஐயம்.

தொண்டு வெறும் நல்ல மனத்தினால் மட்டும் பிறப்பதில்லை. "இது எங்களுடையது" என்ற உரிமையுணர்வும் அதற்கு வேண்டும். கோல்ஃபின் தாய்வீடெனப்படும் ஸ்கொட்லாந்தின் சென் அன்ட்ரூசை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள திடல்கள் பொதுநிலம். 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த ஓர் அறக்கட்டளை அவற்றை நிருவகிக்கிறது. புகழ்பெற்ற பழைய திடலில் ஞாயிற்றுக்கிழமைகளில் வழமையாக ஆட்டம் கிடையாது. அன்று ஊரார் நாயோடும் குழந்தைகளோடும் அப்புல்லில் உலாவுவர். தான் உலாவும் நிலத்தில் ஒருவன் குனிந்து களை பிடுங்குவதில் வியப்பென்ன? அமெரிக்கச் சட்டமோ இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. இலாபம் நோக்கும் தனியார் நிறுவனத்துக்கு ஒருவர் சம்பளமின்றித் 'தொண்டு' செய்ய அங்குள்ள தொழிற்சட்டம் இடமளிப்பதில்லை. பிறருடைய வருமானத்துக்கு இலவசமாக உழைப்பதைத் தொண்டென்று அழைக்கலாகாது என்பதே அதன் உட்கிடை.

நம் நாட்டில் இதற்குச் சிரமதானம் என்ற அருமையான சொல் உண்டு. 1958இல் ஏ. ரி. ஆரியரத்ன தொடக்கிய சர்வோதய இயக்கம் அச்சொல்லை ஊரூராகக் கொண்டுசென்றது. கிராமத்தார் தமக்கு வேண்டிய வீதியையும் கிணற்றையும் தாமே அமைத்தனர். பிற்காலத்தில் அச்சொல் தேய்ந்தது. பெரியவர் ஒருவர் வருகிறார் என்றால் பள்ளிப் பிள்ளைகள் மண்வெட்டியும் விளக்குமாறுமாக வெயிலில் நிறுத்தப்படுவதற்கும் அதே பெயர். (வருகின்ற பெரியவர் குளிரூட்டிய வாகனத்தை விட்டு இறங்காமலே போய்விடுவதும் உண்டு.)

கிழக்கில் நிலம் என்பது ஆறாத புண். கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் உள்ள சம்பூர் மக்கள் 2006இல் இடம்பெயர்ந்து, தம் காணிகளுக்காக ஏறத்தாழப் பத்தாண்டுகள் காத்திருந்தனர். அத்தகைய மாவட்டத்தில், படையினர் வசமுள்ள புல்தரையைப் பேணத் தொண்டர்களைக் கேட்பதானால், முதலில் வாயிலைத் திறக்க வேண்டும். நிலாவெளி வீதியிலுள்ள பொதுநலவாயப் போர்க்கல்லறைத் தோட்டத்தைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் மாண்ட அந்நியர்களின் கல்லறைகள். பேணுவோர் ஊதியம் பெறுவோர். ஆயினும் யாரும் உள்ளே சென்று நிற்கலாம். ஊரவர் அதனை அந்நியமாக எண்ணுவதில்லை.

ஆகவே என் யோசனை இதுதான். சீனக்குடாத் திடலில் மாதத்தில் ஒரு ஞாயிறேனும் ஆட்டத்தை நிறுத்தி, கட்டணமும் கேள்வியும் இன்றி ஊராரை உலாவ விடலாம். கிண்ணியா, தம்பலகாமம், உவர்மலைப் பிள்ளைகள் மூன்று மொழிகளிலும் சத்தமிட்டு ஓடட்டும். அதன்பின் தொண்டர்களைக் கேளுங்கள், வருவார்கள். அவர்களுக்குரிய வேலையும் புல்வெட்டுவதாக இருக்க வேண்டியதில்லை. வடகீழ்ப் பருவமழையை நம்பிய வரண்ட வலயம் இது. ஆனி, ஆடியில் பச்சைப் புல்லுக்கு இறைக்கும் நீரே பெருஞ்செலவு. திடலின் ஓரங்களில் பாலையும் முதிரையும் வேம்பும் நடலாம். வேரூன்றும்வரை முதல் இரண்டு கோடைகளுக்கு வாளியில் நீர் சுமக்கவேண்டும். அதற்குத்தான் ஆட்கள் தேவை.