சீர் செய்தால் பங்கு தீர்ந்துவிடாது

வெள்ளகோவிலில் அப்பன் காலத்து வீட்டை விற்கப் போகிற ஒருவரிடம், "தங்கச்சி கையெழுத்தும் வேணுமுங்களே" என்று கேட்டுப் பாருங்கள். "அவளைக் கட்டிக் குடுத்து இருவது வருசமாச்சுங். நாப்பது பவுன் போட்டு, சீர் செனத்தியெல்லாம் செஞ்சுதானுங் அனுப்புனோம். இன்னி அவளுக்கு இங்க என்னங் இருக்குது?" என்பார். மனசறிந்து பொய் சொல்கிறவர் இல்லை அவர், அப்படியே நம்புகிறார். பக்கத்தில் நிற்கிற புரோக்கரும் தலையாட்டுவார். முத்தூர், மூலனூர், காங்கயம் என்று எங்கே போனாலும் இதே பேச்சுதான். சட்டப்படி இந்த நம்பிக்கை தவறு. நியாயப்படி அதைவிடத் தவறு. இதை நம்பி வீடு வாங்குகிறவனுடைய பணத்துக்கும் இது ஆபத்து.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்துக் குடும்பங்களுக்கு 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம். தகப்பன் தான் சம்பாதித்து வாங்கிய சொத்துக்கு உயில் எழுதாமல் இறந்துபோனால், மனைவி, தாய், மகன், மகள் எல்லோருக்கும் சமபங்கு. கட்டிக்கொடுத்த மகள், கொடுக்காத மகள் என்ற பேதம் இந்தப் பங்கில் அன்றைக்கும் கிடையாது. "எம்பத்தொம்பதுக்கு முன்னால கல்யாணமான பொண்ணுக்குப் பங்கில்லை" என்று நம்மூரில் சொல்வது பூர்வீகச் சொத்தைப் பற்றிய பழைய கதை. 1989இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம், கூட்டுக் குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பாலேயே உரிமை கொடுத்தது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன்பு திருமணமானவர்களை விலக்கி வைத்தது. 2005 செப்டம்பர் 9 முதல் நடப்புக்கு வந்த மத்தியச் சட்டத்தில் அந்த விலக்கு இல்லை. அந்தத் தேதியில் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற சந்தேகத்தையும் வினீதா சர்மா வழக்கில் 2020 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது: வேண்டியதில்லை, மகளுக்குப் பிறப்பால் வந்த உரிமை அது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறையாகப் பாகம் பிரித்தோ விற்றோ முடித்த சொத்தை மட்டும் இப்போது கிளற முடியாது.

வீட்டுக்கென்று தனியாக ஒரு கதை உண்டு. 1956 சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி, குடும்பம் குடியிருக்கும் வீட்டில் மகளுக்குப் பங்கு உண்டு. ஆனால் ஆண்கள் பிரித்துக்கொள்ள முன்வரும் வரை அவள் பாகம் கேட்க முடியாது. திருமணமாகாதவளோ, விதவையோ, கணவனைப் பிரிந்தவளோ அங்கே குடியிருக்கலாம், அவ்வளவே. "தோட்டத்துல வேணா கேக்கட்டும், வீட்டுல கேக்கப்படாது" என்று பெரியவர்கள் சொல்வதற்கு ஒரு காலத்தில் சட்டத்திலும் இப்படி ஓர் ஆதரவு இருந்தது. அந்தப் பிரிவை 2005இல் அடியோடு எடுத்துவிட்டார்கள். பேச்சு மட்டும் போகவில்லை.

சரி, போட்ட நகை? அதற்குக் கணக்கு இல்லையா என்று கேட்பார்கள். கணக்குப் பார்ப்பதென்றால் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். மகனுக்குத் தறி போட்டுக் கொடுத்தது, இன்ஜினியரிங் காலேஜுக்குக் கட்டியது, எண்ணெய் ஆலையில் பங்கு சேர்த்துவிட்டது, அவன் கல்யாணத்துக்குச் செலவழித்தது எதையும் அவன் பங்கில் யாரும் கழிப்பதில்லை. மகளுக்குப் போட்ட பவுனை மட்டும் இருபது வருஷம் கழித்தும் எண்ணுகிறோம். அந்தப் பவுனும் பல வீடுகளில் அவள் கையில் நின்றதில்லை. புருஷன் தொழிலுக்கு அடகுக் கடை போய்விட்டது. வரதட்சணை கொடுத்துவிட்டதாலேயே குடும்பச் சொத்தில் மகளின் உரிமை அழிந்துவிடாது என்று 2023இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் கோவா அமர்வும் தெளிவாகச் சொன்னது. தகப்பன் விரும்பிச் செய்தது சீர். சாவுக்குப் பிறகு சட்டப்படி வருவது பங்கு. ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை அடைக்க இயலாது.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். இன்றைய விலை 40 லட்சம். தகப்பன் சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டியது, உயில் இல்லை. அம்மா, இரண்டு மகன், ஒரு மகள். ஆளுக்குக் கால் பங்கு, பத்து லட்சம். மகன்கள் இருவரும் அம்மாவைக் கூட்டிப் போய்க் கிரயம் எழுதிக் கொடுத்தால், வாங்கியவனுக்குப் போய்ச் சேர்வது முக்கால் வீடுதான். கால் வீடு இன்னமும் அந்தப் பெண்ணுடையது.

"ரிஜிஸ்டர் ஆயிருச்சே, இனி என்ன" என்று வாங்கியவன் நிம்மதியாக இருப்பான். விற்கிறவனுக்கு உரிமை இருக்கிறதா என்று தீர்மானிப்பது சார்பதிவாளரின் வேலையே கிடையாது. 2025 ஏப்ரல் 7 அன்று கே. கோபி வழக்கில், மூலப்பத்திரம் காட்டாவிட்டால் பதிவை மறுக்கலாம் என்ற தமிழ்நாட்டுப் பதிவு விதி 55ஏ(1)ஐ உச்ச நீதிமன்றம் இதே காரணத்தைச் சொல்லி ரத்து செய்தது. வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது என்பார்கள். பதிவான பத்திரங்கள்தான் வில்லங்கத்தில் வரும். தகப்பன் செத்த நிமிஷத்தில் மகளுக்கு வந்த பங்குக்குப் பத்திரம் ஏது? முப்பது வருஷத்து வில்லங்கம் எடுத்தாலும் அவள் பெயர் அதில் தெரியாது. அவள் பெயர் தெரிகிற இடம் வாரிசுச் சான்று. அதைத்தான் விற்கிறவர்கள் காட்டத் தயங்குகிறார்கள். பட்டா மகன்கள் பெயரில் மாறியிருக்கலாம். பட்டா உரிமையை உண்டாக்குவதில்லை.

குடியிருக்கும் வீடு என்றால் வாங்கியவன் பாடு இன்னும் மோசம். பாகம் பிரியாத குடும்ப வீட்டில் ஒரு பங்கை வாங்கிய வெளியாள், அந்தக் குடும்பத்தாரோடு சேர்ந்து அனுபவம் கேட்க முடியாது என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 44ஆம் பிரிவு. பாகம் கேட்டு அவன் வழக்குப் போட்டால், அந்தப் பெண் 1893ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டப்படி, கோர்ட்டு குறிக்கிற விலைக்கு அவன் பங்கைத் தானே வாங்கிக்கொள்கிறேன் என்று கேட்கவும் முடியும். ஏழு விழுக்காடு முத்திரைத்தாளும் இரண்டு விழுக்காடு பதிவுக் கட்டணமும் கட்டி வாங்கியவன், வருஷக் கணக்கில் வாய்தாவுக்கு நடப்பான். பன்னிரண்டு வருஷம் அண்ணன் அனுபவித்துவிட்டான், அதனால் அவனுக்கே சொந்தம் என்ற வாதமும் உடன்பங்காளிகளுக்குள் லேசில் நிற்பதில்லை. உனக்கு உரிமை இல்லை என்று வெளிப்படையாக மறுத்து அவளை வெளியேற்றிய நாளிலிருந்துதான் அந்தக் கணக்கே தொடங்கும்.

இதெல்லாம் தெரிந்த புத்திசாலிகளும் இருக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன்பே, தகப்பன் உயிரோடிருக்கும்போதே, இருபது ரூபாய்ப் பத்திரத்தில் "எனக்குப் பங்கு வேண்டாம்" என்று எழுதி வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். பதிவாகாத அந்தத் தாளால் அசையாச் சொத்தில் இருக்கிற உரிமை விடுதலையாகாது. தகப்பன் உயிரோடிருக்கையில் அவருடைய சொந்தச் சொத்தில் மகளுக்கு இருப்பது பின்னால் வரக்கூடும் என்ற வாய்ப்பு மட்டுமே. அப்படிப்பட்ட வாய்ப்பைக் கைமாற்ற முடியாது என்று சொத்து மாற்றுச் சட்டம் 6ஆம் பிரிவிலேயே சொல்லிவிட்டது. முறையாகப் பணம் வாங்கிக்கொண்டு, பத்திரம் பதிந்து விட்டுக்கொடுத்தவரைப் பிறகு பங்கு கேட்க விடாமல் நீதிமன்றம் தடுத்ததுண்டு. சீர்ச் சாமானைக் காட்டி அந்தத் தீர்ப்புகளில் ஒண்டிக்கொள்ள முடியாது.

எனக்குச் சட்டத்தைவிட அதிகம் உறுத்துவது கையெழுத்து வாங்குகிற விதம். பதிவு நாளுக்கு முதல் நாள் ராத்திரி போன் வரும். "அம்மிணி, நாளைக்குப் பத்து மணிக்கு வந்துரு. சும்மா ஒரு கையெழுத்துத்தான்." என்ன விலை, யாருக்கு, தன் பங்கு எவ்வளவு, எதுவும் சொல்வதில்லை. பத்திரம் எழுதுகிற இடத்தில் பெஞ்சில் உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, பக்கத்துக்குப் பக்கம் பெருவிரல் காட்டிய இடத்தில் கையெழுத்து. போகும்போது பெட்ரோலுக்கென்று ஐந்நூறு ரூபாய். அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கேட்டால் பிறந்த வீட்டுப் படி அடைபட்டுப் போகும். அவள் பிள்ளைக்குக் காது குத்த தாய்மாமன் மடி வேண்டும், மகள் வயதுக்கு வந்தால் தாய்மாமன் சீர் வர வேண்டும், அவள் கல்யாணத்தில் மாமன் முன்னால் நிற்க வேண்டும். கொங்கு நாட்டில் கூடப்பிறந்தவன் வராத சபையில் ஒரு பெண் எப்படித் தலைநிமிர்ந்து நிற்பாள்? அந்தப் பயத்தைக் காட்டித்தான் பத்து லட்சத்தை எழுதி வாங்குகிறோம். நம்முடைய கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அவன் கூடப்பிறந்தவளை உட்கார வைத்து இணைச்சீர் செய்கிறோம். அவள் இல்லாமல் அண்ணனுக்குத் தாலி கட்டுகிற தகுதியே வருவதில்லை என்பது நம் முறை. அவ்வளவு முக்கியமானவளை வீட்டுக் கிரயத்தில் மட்டும் அந்நியமாக்குவதை நான் வழக்கம் என்று ஒப்பமாட்டேன். அது அபகரிப்பு.

பங்கு கொடுத்தால் சொத்து வேறு குடும்பத்துக்குப் போய்விடும் என்று ஒரு பயம் சொல்வார்கள். தகப்பனிடமிருந்து வந்த சொத்து, பிள்ளை இல்லாமல் அவள் இறந்தால் புருஷன் வீட்டுக்குப் போகாது. தகப்பன் வாரிசுகளுக்கே திரும்பும். 2022 ஜனவரி 20 அன்று தீர்ப்பான அருணாசல கவுண்டர் எதிர் பொன்னுசாமி வழக்கு நம் தமிழ்நாட்டுக் குடும்பத்து வழக்கு. 1938இல் கோர்ட்டு ஏலத்தில் எடுத்த நிலம். எடுத்தவர் 1956 சட்டம் வருவதற்கு முன்பே இறந்துவிட்டார். அந்தக் காலத்துக்கும்கூட, சகோதரன் மகனைவிட மகளுக்கே உரிமை என்றது உச்ச நீதிமன்றம். அந்த மகள் 1967இல் பிள்ளையில்லாமல் இறந்ததால் நிலம் தகப்பன் வழியிலேயே திரும்பி, அவருடைய சகோதரன் பெண்களுக்கும் பங்கு வந்தது. பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்குப் போகும். அவர்களும் உங்கள் அப்பாவின் பேரப் பிள்ளைகள்தானே?

1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலேயே பெண்ணுக்குச் சம சொத்துரிமை என்று தீர்மானம் போட்ட நாடு இது. இப்போது பத்து லட்சம் ரூபாய் வரையுள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு குறைகிறது. அந்தச் சலுகைக்கு மனைவி பெயரை எழுதுகிற கை, கூடப்பிறந்தவள் பங்கை எழுதக் கூசுகிறது.

அப்பாமாருக்கு ஒன்று: உங்கள் சொந்தச் சம்பாத்தியத்தை யாருக்குக் கொடுப்பது என்று உயில் எழுத உங்களுக்கு முழு உரிமை உண்டு. எழுதுவதானால் மகளுக்கும் தெரிய எழுதுங்கள். அண்ணன் தம்பிகளுக்கு: தங்கை மனசார விட்டுக்கொடுப்பதானால் பதிந்த விடுதலைப் பத்திரமாக இருக்கட்டும், விலையையும் பங்கையும் சொல்லிவிட்டுக் கேளுங்கள், யோசிக்க நாள் கொடுங்கள். வீடு வாங்குகிறவர்களுக்கு: அக்ரிமெண்ட் போடுவதற்கு முன்பே வாரிசுச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். அதில் பெண் பெயர் இருந்து, கிரயப் பத்திரத்தில் இல்லை என்றால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.