ஜெபமும் மாத்திரையும்

விசுவாசம் குறைந்தவர்களுக்குத்தான் மனநோய் வரும் என்று ஒரு பேச்சு சில கிறிஸ்தவ வீடுகளில் நடமாடுகிறது. அது பொய், அதிலும் ஆளைக் கொல்லக்கூடிய பொய்.

சென்ற ஆண்டு நான் எழுதிய தொடர்கதை ஒன்றில், பிள்ளை பெற்ற பிறகு மனம் குலைந்துபோன ஓர் உபதேசியாரின் மகளை மனநோய் மருத்துவரிடம் அனுப்பியிருந்தேன். உடனே ஓர் அன்பரிடமிருந்து கடிதம் வந்தது. “விசுவாசக் குடும்பத்துப் பெண்ணுக்கு மாத்திரை எதற்கு? ஜெபம் போதாதா? வேதப் புத்தகத்தை ஒரு முறையாவது புரட்டியதுண்டா?” என்று கேட்டிருந்தார். புரட்டியதுண்டு. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ராஜாக்களின் முதலாம் புத்தகத்தில் எலியா வருகிறார். கர்மேல் மலையில் வானத்து அக்கினியை வேண்டி வரவழைத்தவர். அவருடைய விசுவாசத்தை அளக்க நம்மில் யாரிடம் படி இருக்கிறது? அவரே அடுத்த அதிகாரத்தில் வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, சாவைக் கேட்டு மன்றாடுகிறார். வந்த தேவதூதன் பிரசங்கமா செய்தான்? தட்டி எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்தவரை அவன் கடிந்துகொள்ளவில்லை. இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். உடம்புக்கு வேண்டியது முதலில். கேள்வியும் கட்டளையும் அப்புறம்தான்.

வேதகாலத்துக் கதை என்பீர்களானால், 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக்கு வாருங்கள். வில்லியம் கூப்பர் என்ற கவிஞர் 1763இல் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, டாக்டர் காட்டன் நடத்திய மனநோய் விடுதியில் சேர்க்கப்பட்டார். அவருக்கு விசுவாசம் பிறந்த இடமே அந்த விடுதிதான். பிறகு அவர் எழுதிய ஞானப்பாடல்கள் இன்றும் தமிழ்ச் சபைகளில் மொழிபெயர்ப்பாகப் பாடப்படுகின்றன. அப்படிப்பட்டவரை 1773இல் நோய் மீண்டும் பிடித்தது. கடவுள் தம்மைக் கைவிட்டுவிட்டார் என்ற எண்ணம் 1800இல் சாகும்வரை அவரை விட்டு நீங்கவில்லை. அவருடைய நண்பரான போதகர் ஜான் நியூட்டன், ‘உனக்கு விசுவாசம் போதாது’ என்று ஒதுக்கிவிடவில்லை. தம் வீட்டிலேயே ஓர் ஆண்டுக்கு மேல் வைத்துக் காப்பாற்றினார். போதகர் செய்யவேண்டிய வேலை அது.

எதிர்க்கட்சியிலும் படித்த மனிதர்கள் உண்டு. அமெரிக்கப் போதகர் ஜே ஆடம்ஸ் 1970இல் ஒரு புத்தகம் எழுதினார். உடலிலோ மூளையிலோ கோளாறு இருந்தால் டாக்டரிடம் போகலாம். மற்றபடி மனநோய் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் பாவத்தின் விளைவு, அதற்கு வேதவசனமே வைத்தியம் என்பது அதன் சாரம். இதில் ஒரு நியாயம் இருப்பதை நான் மறுக்கவில்லை. துரோகம் செய்துவிட்டு உறுத்தலோடு வருகிறவனிடம், ‘அது வெறும் மனச்சிக்கல், மறந்துவிடு’ என்று சொன்னால் அது வைத்தியமாகாது. அவனுக்கு வேண்டியது மன்னிப்பு. ஆனால், ஒரு பாவமும் செய்யாதவள் குற்றவாளியைப்போல் நடுங்கினால்? குற்றம் வேறு, குற்ற உணர்ச்சி வேறு. இந்த வித்தியாசம் தெரியாதவன் கதைகூட எழுத முடியாது. ஆத்துமாக்களை எப்படி மேய்ப்பது? பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு மருத்துவர்கள் நன்கறிந்த நோய். அதில் தவிப்பவளிடம் பாவ அறிக்கை கேட்பது, ஜன்னி கண்டவனிடம் வாக்குமூலம் வாங்குவதற்குச் சமானம்.

மனோதத்துவக்காரர்கள் மட்டும் வரம்பு மீறவில்லையா என்று கேட்கலாம். மீறினார்கள். பிராய்டு 1927இல் ‘ஒரு மாயையின் எதிர்காலம்’ என்ற நூலை எழுதி, மதத்தையே மாயை என்று தள்ளினார். அதற்கு மறுப்பு எழுதியவர் ஆஸ்கர் பிஸ்டர். சூரிச் நகரத்துப் போதகர். 1909 முதல் பிராய்டுக்கு நண்பர். அவருடைய உளப்பகுப்பு முறையைக் கற்றுத் தம்மிடம் வந்தவர்களுக்குப் பயன்படுத்தியவர். ‘ஓர் எதிர்காலத்தின் மாயை’ என்று தலைப்பையே திருப்பிப் போட்டார்! அந்த மறுப்பு 1928இல் வெளிவந்தது பிராய்டே நடத்திய பத்திரிகையில். நட்பும் முறியவில்லை. பிஸ்டர் விசுவாசத்தையும் விடவில்லை, மனோதத்துவத்தையும் விடவில்லை. ஒன்றை ஏற்றால் மற்றதைத் துறக்க வேண்டும் என்று இன்று மேடையில் முழங்குகிறவர்களுக்கு இந்த மனிதரைத் தெரியுமோ என்னவோ!

ஆண்டன் பாய்சன் என்ற அமெரிக்கப் போதகரின் வாழ்க்கை இன்னும் கனமான சாட்சி. 1920இல் அவருக்கே சித்தம் கலங்கியது. மனநோய் மருத்துவமனையில் இருந்தார். மீண்டு வந்தவர், மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் அரசு மருத்துவமனையில் நோயாளிகளுக்குப் போதகரானார். 1925இல் வேதசாஸ்திர மாணவர்களை அங்கேயே வரவழைத்துப் பயிற்சி கொடுத்தார். நூல்களைப் படிப்பதுபோல நோயாளிகளையும் பொறுமையாகப் படியுங்கள் என்பது அவருடைய பாடம். பின்னாளில் நோய் திரும்பி வந்தும் அவர் ஊழியம் நிற்கவில்லை.

பிரசங்க மேடையில் நிற்பவர்களே, நீங்கள் ஜெபிப்பதை நான் தடுக்கவில்லை. நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபியுங்கள்; அந்தக் கை தரும் ஆறுதலை எந்த மாத்திரையும் தராது. ஆனால், டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தும்படி மட்டும் சொல்லாதீர்கள். நீங்கள் சொல்லிவிட்டு அடுத்த ஊர்க் கூட்டத்துக்குப் போய்விடுவீர்கள். இரவெல்லாம் அவள் பக்கத்தில் விழித்திருக்கவேண்டியவள் அவளுடைய தாய்.