பள்ளிக்கூடப் பணமும் பெற்றோர் உரிமையும்

1965-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 11-ந் தேதி, அமெரிக்க ஐக்கிய நாட்டின் பிரஸிடெண்டு லிண்டன் ஜான்ஸன், டெக்ஸாஸ் மாகாணத்தில் தாம் பாலியத்தில் எழுத்துக் கற்ற சிறு பள்ளிக்கூடத்துக்குச் சென்று, தமக்கு முதன்முதல் பாடம் சொல்லிவைத்த உபாத்தியாயினியைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு, ஒரு சட்டத்தில் கையொப்பமிட்டார். ஆரம்ப, நடுத்தரக் கல்விச் சட்டம் என்பது அதன் பெயர். ஜான்ஸனும் ஒரு காலத்தில் உபாத்தியாயராக இருந்தவரே. 1928-ல் கொடுல்லா என்னும் ஊரில் ஏழை மெக்ஸிகக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அவர் பாடம் சொன்னார். பசித்த வயிற்றோடு பள்ளிக்கு வரும் பிள்ளையை அவர் கண்ணாரக் கண்டவர். ஆதலின் அச்சட்டத்தின் முதற்பகுதி, ஏழைப் பிள்ளைகள் மிகுந்த பள்ளிகளுக்கு மத்திய சர்க்கார் பணம் அளிப்பதற்கென்றே ஏற்பட்டது. 'டைட்டில் ஒன்' என்று அந்நாட்டார் அதை வழங்குகிறார்கள்.

அயல்நாட்டுப் பள்ளிக்கூட விஷயம் நமக்கென்ன என்று கேட்கும் நேயர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். ஏழையின் பெயரால் தலைநகரிலிருந்து பணம் புறப்படுகிறது. அது ஏழையின் வீட்டு வாயிலைச் சேருமுன் பல கைகளைக் கடக்கிறது. அக்கைகளைப் பார்த்துக் கணக்குக் கேட்க ஏழைக்கு உரிமை உண்டா, உண்டெனில் அதை அவன் எப்படிச் செலுத்துவது என்பதே கேள்வி. இது எந்நாட்டுக்கும் பொதுவான கேள்வி. அமெரிக்கர் இதற்கு அறுபது வருஷங்களாக விடை தேடி வருகிறார்கள். சில சமயம் நேர்வழியில் சென்றார்கள். சில சமயம் வந்த வழியே திரும்பினார்கள்.

அந்நாட்டில் பள்ளிக்கூடச் செலவின் பெரும்பகுதியை மாகாணங்களும் ஸ்தல ஸ்தாபனங்களுமே ஏற்கின்றன. மத்திய சர்க்காரின் பங்கு ஏறக்குறைய பத்தில் ஒன்று. அதில் 'டைட்டில் ஒன்' வகையில் மட்டும் சமீப வருஷங்களில் ஆண்டுக்குச் சுமார் 1,800 கோடி டாலர் கொடுக்கப்பட்டு வந்திருக்கிறது. இப்பணம் ஏழைப் பிள்ளைகளின் கல்விக்கு மேல்வரும்படியாக இருக்க வேண்டுமேயன்றி, ஸ்தல அதிகாரிகள் தாங்கள் செய்ய வேண்டிய செலவைக் குறைத்துக்கொண்டு இதை அதற்கு ஈடாக வைத்துக்கொள்ளலாகாது என்பது சட்டத்தின் கருத்து.

நடந்தது வேறு. 1969-ல், நீக்ரோ ஜனங்களின் உரிமைக்காக வாதாடி வந்த வக்கீல்களும் வாஷிங்டனில் ஓர் ஆராய்ச்சி ஸ்தாபனத்தாரும் சேர்ந்து இப்பணம் போன வழியை விசாரித்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கென்று வந்த தொகையைப் பல ஜில்லாக்கள் பொதுச் செலவிலே கலந்துவிட்டன என்றும், கட்டிடங்களுக்கும் சாமான்களுக்கும் வாரியிறைத்தன என்றும், நீச்சற்குளம் கட்டியதுகூட உண்டு என்றும் அவ்வறிக்கை எடுத்துக் காட்டியது. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கு நீச்சற்குளத்தினால் என்ன நன்மை என்பதை அந்த ஜில்லா அதிகாரிகளே சொல்ல வேண்டும். கணக்குப் பார்க்க வேண்டியவர்கள் கணக்கு எழுதுகிறவர்களாகவே இருந்ததுதான் இதற்குக் காரணம் என்பது நமது அபிப்பிராயம்.

இதன் பின்னரே பெற்றோரின் ஞாபகம் சட்டசபைக்கு நன்றாக வந்தது. 1974-ல் செய்த திருத்தம், பெற்றோர் ஆலோசனைச் சபைகள் அமைக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. 1978-ல் அவ்விதி மேலும் வலுப்பெற்றது. மூன்றே வருஷங்கள். 1981-ல் பிரஸிடெண்டு ரீகன் காலத்தில், நிர்வாகத்தை எளிமையாக்குகிறோம் என்ற பெயரால் அச்சபைகளைப் பற்றிய கட்டாயம் நீக்கப்பட்டது. கட்டாயம் போகவே சபைகளும் பல இடங்களில் போயின. அதிகாரிகளுக்கு இடைஞ்சலாக உள்ளது எதுவோ அதுவே எளிமையாக்கும்போது முதலில் வெட்டுண்ணும் என்பதை நமது நாட்டு ராஜீய விவகாரங்களைக் கவனிப்பவர்களுக்கு நாம் விஸ்தரிக்க வேண்டியதில்லை.

1988-லும் 1994-லும் செய்த திருத்தங்களால் பெற்றோர் மீண்டும் உள்ளே அழைக்கப்பட்டனர். ஆனால் சபையாக அல்ல. கலந்தாலோசிக்கப்பட வேண்டியவர்கள் என்ற நிலையிலேயே அழைக்கப்பட்டனர். 2015 டிசம்பர் 10-ந் தேதி பிரஸிடெண்டு ஒபாமா கையொப்பமிட்ட சட்டத்தின் 1116-வது பிரிவிலே இன்றைய விதிகள் அடங்கியிருக்கின்றன. இப்பிரிவை வக்கீல் கண்ணோடு வாசித்தால் சில ருசிகரமான விஷயங்கள் புலப்படும்.

ஒரு ஜில்லாவுக்கு வரும் தொகை 5,00,000 டாலருக்கு மேற்பட்டால், அதில் நூற்றுக்கு ஒன்றேனும் பெற்றோர் சம்பந்தமான காரியங்களுக்கென்று ஒதுக்க வேண்டும். அதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்குக் குறையாமல் பள்ளிகளுக்கே போய்ச் சேர வேண்டும். அதை எப்படிச் செலவிடுவது என்னும் தீர்மானத்தில் பெற்றோரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். வருஷத்துக்கு ஒரு கூட்டம் கூட்டி, இப்பள்ளிக்கு இப்பணம் வருகிறது, உங்களுக்கு இன்ன உரிமைகள் உண்டு என்று பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும். உழைத்துப் பிழைப்பவர்கள் பகலில் வர இயலாதாகையால் காலையிலோ மாலையிலோ அவரவர் வசதிக்கேற்பக் கூட்டங்கள் நடத்த வேண்டும். வண்டிச் செலவும், கூட்டத்துக்கு வரும் தாயின் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் செலவும் இப்பணத்திலிருந்தே கொடுக்கலாம்.

'வேண்டும்' என்பதற்கும் 'லாம்' என்பதற்கும் உள்ள பேதத்தை நேயர்கள் கவனிக்க வேண்டும். கூட்டம் நடத்துவது கடமை. வண்டிச் செலவு கொடுப்பது இஷ்டம். ஆனால் அதே பிரிவின் வேறொரு ஷரத்து, பெற்றோர் கேட்கும் நியாயமான உதவிகளைப் பள்ளி அளிக்க வேண்டும் என்று சொல்கிறது. ஆகவே வாய் திறந்து கேட்டவனுக்கு இஷ்டமும் ஏறக்குறைய கடமையாகிவிடுகிறது. இன்னும் முக்கியமானது மற்றொன்று. பிள்ளைகளின் கல்வி பற்றிய தீர்மானங்களில் கலந்துகொள்ளவும் யோசனைகள் கூறவும் தொடர்ந்து கூட்டங்கள் நடத்த வேண்டும்; அந்த யோசனைகளுக்கு இயன்றவரை விரைவில் பதிலும் சொல்ல வேண்டும்; இவ்வளவும் 'பெற்றோர் கேட்டுக்கொண்டால்'. இந்த இரண்டு சொற்களில் அப்பிரிவின் உயிர் இருக்கிறது. கேளாத ஊரில் பள்ளி நிர்வாகி ஒருமுறை கூட்டம் போட்டு, வந்த நாலு பேரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, சட்டத்தை நிறைவேற்றிவிட்டதாக மேலே எழுதிவிடுகிறார். அவர் எழுதுவது பொய்யுமன்று!

எனவே 'டைட்டில் ஒன்' பள்ளியில் பிள்ளையைச் சேர்த்திருக்கும் தகப்பனோ தாயோ செய்ய வேண்டிய முதற்காரியம், எழுத்து மூலமாகக் கேட்பது. பள்ளியும் ஜில்லாவும் பெற்றோருடன் கலந்து வகுக்க வேண்டிய கொள்கைப் பத்திரத்தின் நகலைக் கேட்க வேண்டும். பள்ளிக்கும் பெற்றோருக்கும் இடையே எழுதப்படும் உடன்படிக்கையையும் கேட்க வேண்டும். அநேக ஊர்களில் இவ்வுடன்படிக்கை, பெற்றோர் பிள்ளையைக் காலத்தில் தூங்கவைக்க வேண்டும், வீட்டுப் பாடத்தைப் பார்க்க வேண்டும் என்று பெற்றோரின் கடமைகளை நீட்டி எழுதி, பள்ளியின் கடமையை ஒரு வரியில் முடிப்பதாக இருக்கும். சட்டத்தின் நோக்கம் அதுவன்று. தரமான பாடம் அளிப்பது பள்ளியின் பொறுப்பு என்று அதிலே எழுத வேண்டும். பிள்ளையின் முன்னேற்றத்தைப் பெற்றோருக்கு அடிக்கடி தெரிவிக்க வேண்டும். உபாத்தியாயரைச் சந்திக்கவும், வகுப்பில் அமர்ந்து பார்க்கவும், உடனிருந்து உதவவும் இடமளிக்க வேண்டும். பிள்ளைக்குப் பாடம் சொல்பவரின் தகுதி இன்னது என்று கேட்கவும் பெற்றோருக்கு உரிமை உண்டு. உரிய தகுதிப் பத்திரமில்லாதவர் தொடர்ந்து நான்கு வாரம் பாடம் சொன்னால், பெற்றோர் கேளாமலே பள்ளி தானாகத் தெரிவிக்க வேண்டும்.

பள்ளியின் திட்டம் பெற்றோருக்குத் திருப்தி அளிக்காவிட்டால், அவர்களுடைய ஆட்சேபங்களையும் சேர்த்தே பள்ளி அதை ஜில்லாவுக்கு அனுப்ப வேண்டும். ஜில்லாவின் திட்டம் பிடிக்காவிட்டால் அவ்வாறே மாகாணத்துக்கு. ஒருவர் வாயால் சொன்ன ஆட்சேபம் கூட்டம் கலைந்ததும் காற்றோடு போகும். பத்துப் பேர் கையெழுத்திட்ட காகிதம் திட்டத்தோடு தைக்கப்பட்டு மேலே செல்லும்.

பாஷை விஷயத்தில் நமது நேயர்கள் விசேஷ சிரத்தை கொள்வார்கள் என்பதறிவோம். பெற்றோருக்கு அனுப்பும் தகவல்கள், இயன்ற அளவு, அவர்களுக்குப் புரியும் பாஷையிலேயே இருக்க வேண்டும் என்று இச்சட்டம் விதிக்கிறது. 1974-ல், ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்துச் சீனக் குடும்பங்கள் தொடுத்த லௌ வழக்கில், இங்கிலீஷ் தெரியாத பிள்ளைக்கு இங்கிலீஷ்ப் புஸ்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டு எல்லோரையும் சமமாக நடத்துகிறோம் என்பது சமத்துவமாகாது என்று அந்நாட்டு ஸுப்ரீம் கோர்ட்டு கருதியது. ஸ்பானிஷோ, சீனமோ, தமிழோ பேசும் தாய், தனக்குப் புரியும் பாஷையில் கடிதம் வேண்டும் என்று கேட்பது சலுகை கேட்பதாகாது.

படிப்பறியாத பெற்றோர் பள்ளி நிர்வாகத்தைப் பற்றி என்ன சொல்லிவிடப் போகிறார்கள் என்று கேட்பாரும் உளர். இவ்வாதத்துக்கு மிஸ்ஸிஸிப்பி மாகாணம் 1965-லேயே பதில் சொல்லிவிட்டது. 'ஹெட் ஸ்டார்ட்' என்னும் சிறு குழந்தைகள் திட்டத்தின் பணத்தைக் கொண்டு அங்கே ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு நிலையங்கள் நடத்தியவர்களில் பலர், பருத்திக் காட்டிலும் பிறர் வீட்டு அடுப்படியிலும் வேலை செய்த நீக்ரோ ஸ்திரீகள். அவர்களே ஊரூராகக் கமிட்டி கூட்டினார்கள். வேலைக்கு ஆள் வைத்தார்கள். அதிகாரம் தங்களை விட்டுப் போகிறதென்று கண்ட அம்மாகாண ராஜீயவாதிகள் சும்மா இருக்கவில்லை. செனேட்டர் ஸ்டென்னிஸ் கணக்குவழக்குகளைப் பற்றிக் குற்றஞ்சாட்டினார். 1966-ல் பணமும் சிலகாலம் நிறுத்தப்பட்டது. நிலையங்களை நடத்தத் தெரியாதவர்கள் என்றால் இவ்வளவு எதிர்ப்பு எதற்காக? அத்திட்டத்தின் கொள்கைக் குழுவில் பெற்றோரே பெரும்பான்மையாக இருக்க வேண்டுமென்பது இன்றும் விதி. 'டைட்டில் ஒன்' சட்டத்தில் அவ்வளவு அதிகாரம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் பெற்றோரின் உதவி எவ்வளவு மதிப்புள்ளது, அவர்களைச் சமானமாக நடத்துவது எப்படி என்று, பெற்றோரையே துணைக்கு வைத்துக்கொண்டு உபாத்தியாயர்களுக்குக் கற்பிக்க வேண்டும் என்று அச்சட்டம் சொல்வதை நாம் பாராட்டாமல் இருக்க முடியாது. பலகாரம் சுட்டு விற்றுப் பள்ளிக்கு நிதி சேர்த்துக் கொடுப்பதோடு தங்கள் வேலை தீர்ந்தது என்று பெற்றோர் சங்கங்கள் எண்ணியிருத்தல் இதற்குப் பொருந்தாது. உபாத்தியாயரைப் பகைத்துக்கொள்வதும் புத்திசாலித்தனமன்று. குறைந்த சாமான்களோடு கூடுதல் பிள்ளைகளைக் கட்டி மேய்க்கும் அவரே பல இடங்களில் பெற்றோருக்கு முதல் நண்பர்.

இனி இச்சட்டத்தின் பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும். 2008-ல் நியூவார்க் நகரத்துப் பெற்றோர் சங்கத்தார், பள்ளிகள் தங்களுக்குக் கொடுக்க வேண்டிய அறிவிப்புகளைக் கொடுக்கவில்லை என்று வழக்குத் தொடர்ந்தபோது, தனிப்பட்டவர்கள் கோர்ட்டில் நிலைநாட்டக்கூடிய உரிமையை இவ்விதிகள் அளிக்கவில்லை என்று மூன்றாவது வட்ட அப்பீல் கோர்ட்டு தீர்ப்பளித்தது. கடமை உண்டு, ஆனால் கடமைப்பட்டவனைக் கோர்ட்டுக்கு இழுக்க வழியில்லை! பெற்றோருக்கு மிஞ்சியிருப்பது மாகாணக் கல்வி இலாகாவிடம் புகார் செய்யும் மார்க்கம். புகார்களைப் பெற்றுத் தீர்மானிக்க எழுத்து மூலமான முறை ஒவ்வொரு மாகாணத்திலும் இருக்க வேண்டும் என்பதும் சட்டமே. 2025 மார்ச்சில் பிரஸிடெண்டு டிரம்ப், மத்தியக் கல்வி இலாகாவை மூடுவதற்கான நடவடிக்கைகளை எடுக்கும்படி உத்தரவிட்டார். 1116-வது பிரிவு சட்டசபை இயற்றியது; உத்தரவினால் அது அழியாது. ஆனால் மேலிருந்து பார்க்கும் கண் மங்குமாயின், கீழிருந்து பார்க்கும் கண்ணே எஞ்சும். பெற்றோர் இப்போது கூட்டத்துக்குச் செல்லாவிட்டால் நீச்சற்குளங்கள் திரும்பி வரும்.

நமது நாட்டிலும் 2009-ம் வருஷத்துக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவு, பள்ளி நிர்வாகக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோராகவும், பாதிப் பேர் ஸ்திரீகளாகவும் இருக்க வேண்டும் என்கிறது. சர்க்கார் பணம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பதும் அக்குழுவின் வேலை. இவ்வகையில் நமது சட்டம் அமெரிக்கச் சட்டத்தைவிட ஒரு படி மேல் என்றே சொல்லலாம். தங்கள் ஊர்ப் பள்ளியில் அக்குழு கடைசியாகக் கூடியது எப்போது, அதன் நடவடிக்கைப் புஸ்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுப் பார்த்த நேயர்கள் நமக்கு எழுதினால், அவற்றை இப்பத்தியில் வெளியிடச் சித்தமாயிருக்கிறோம்.