காலடி மண்ணின் கதையை அறிவோம்

மழை ஓய்ந்த ஒரு காலையில், மூவார் ஆற்றங்கரையில் நின்று வடக்கே பாருங்கள். வானம் தெளிவாக இருந்தால், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் நீல நிறத்தில் ஒரு மலை தெரியும். அதுவே குனோங் லேடாங். 1,276 மீட்டர் உயரமுடைய அம்மலை ஜொகூர் மாநிலத்தின் மிக உயர்ந்த சிகரமாகும். முற்காலத்தில் மலாக்கா நீரிணையில் கப்பலோட்டியவர்களுக்கு அது கரையைக் காட்டும் அடையாளமாக விளங்கியது. மலாக்கா சுல்தானை மணக்க ஏழு நிபந்தனைகள் விதித்த புத்ரி குனோங் லேடாங்கின் கதையையும் நாம் அனைவரும் அறிவோம். ஆனால், “அந்த மலை எந்தக் கல்லால் ஆனது? அது எரிமலையா?” என்று கேட்டால், நம்மில் எத்தனை பேர் தயங்காமல் விடை கூறுவோம்?

தொலைதூர நாடுகளின் எரிமலைகளைத் திரையில் கண்டு வியக்கும் நாம், நம் வட்டாரத்து நிலத்தின் வரலாற்றை அறியாமல் இருக்கிறோம். கல்விச் சுற்றுலா என்றாலே கேளிக்கைப் பூங்காதான் பலருடைய நினைவுக்கு வருகிறது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது போன்றது இது. ஒவ்வொரு மாணவரும் இடைநிலைப்பள்ளிப் படிப்பை முடிப்பதற்குள், ஒருமுறையாவது ஆசிரியருடன் தம் வட்டாரத்து மலைக்குச் சென்று, அங்குள்ள கல்லையும் மண்ணையும் நேரில் பார்த்துப் படித்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

முதலில் அந்தக் கேள்விக்கு விடை காண்போம். குனோங் லேடாங் எரிமலை அன்று. அது கிரானைட் பாறையால் ஆன மலை. பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு பூமியின் ஆழத்திலிருந்து மேலெழுந்த பாறைக்குழம்பு, நிலத்துக்கு வெளியே வராமல் உள்ளேயே மெல்ல மெல்லக் குளிர்ந்து இறுகியது. மேலிருந்த மண்ணும் பாறையும் காலப்போக்கில் மழையாலும் காற்றாலும் அரிக்கப்பட்டபோது, உள்ளே இறுகிக் கிடந்த கிரானைட் வெளிப்பட்டது. மெதுவாகக் குளிர்ந்ததால் அதன் படிகங்கள் பெரியனவாக வளர்ந்தன. சாகில் நீர்வீழ்ச்சியருகே கிடக்கும் கற்களை உற்று நோக்கினால், வெள்ளையும் சாம்பலும் கறுப்புமான மணிகளை வெறுங்கண்ணாலேயே காணலாம்.

அங்கிருந்து வடகிழக்கே சிகாமட்டுக்குச் சென்றால் கதை மாறுகிறது. சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அங்கே பாறைக்குழம்பு நிலத்தைப் பிளந்துகொண்டு வெளியே பாய்ந்தது. காற்றுப் பட்டு விரைவில் குளிர்ந்ததால் படிகங்கள் வளர நேரமில்லை. அதனால் மணிகள் கண்ணுக்குத் தெரியாத கரிய ‘பசால்ட்’ பாறை உருவானது. பகாங் மாநிலத்தின் குவாந்தான் அருகிலும் இத்தகைய பாறை உண்டு. அங்குள்ள ஒரு கடற்கரைக்குப் ‘பத்து ஹீத்தாம்’, அதாவது ‘கருங்கல்’ என்றே பெயர். நெருப்பிலிருந்து பிறந்த இருவகைப் பாறைகள் ஒரே நாளில் சென்று பார்த்துத் திரும்பக்கூடிய தொலைவில் இருக்கும்போது, அவற்றைப் பாடநூலின் படத்தில் மட்டும் பார்ப்பது எவ்வளவு பெரிய இழப்பு!

என் பாட்டி சிகாமட் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் சீவியவர். விடியுமுன் எழுந்து நிரைக்குப் போய், நண்பகலில் திரும்பும்போது அவருடைய கால்கள் கணுக்கால்வரை செம்மண்ணாக இருக்கும். “கழுவினாலும் போகாது, அய்யா. இந்த மண்ணு ஒட்டிக்கிட்டா விடாது,” என்று சொல்லிச் சிரிப்பார். எரிமலைப் பாறை பல இலட்சம் ஆண்டுகள் மழையிலும் வெயிலிலும் சிதையும்போது, அதிலுள்ள இரும்பு துருவேறி மண்ணைச் சிவப்பாக்குகிறது என்பதை நான் பின்னாளில்தான் படித்தேன். தாம் நாள்தோறும் மிதித்து நடந்தது ஒரு காலத்தில் கொதித்து ஓடிய நெருப்பின் எச்சம் என்பது பாட்டிக்குத் தெரியாது. தெரிந்தபோது அதைச் சொல்ல எனக்கு அவர் இல்லை.

இவ்வறியாமை நமக்கு மட்டும் உரியதன்று. பிரான்சு நாட்டின் நடுப்பகுதியில் ஓவெர்ன் என்னும் நாட்டுப்புற வட்டாரம் உள்ளது. அங்கே சுமார் 80 எரிமலைகள் பசும்புல் போர்த்திய குன்றுகளாக வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் உயரமானது 1,465 மீட்டர் உயரமுள்ள பியூய் தெ தோம். அவ்வட்டாரத்து மக்கள் தலைமுறை தலைமுறையாக அக்குன்றுகளில் ஆடு மாடு மேய்த்தனர். அங்கிருந்து வெட்டிய கரிய கல்லால் வீடுகளையும் பெரிய தேவாலயத்தையும் கட்டினர். எனினும், அவை எரிமலைகள் என்பதை அறிவியல் உலகம் அறியாதிருந்தது. 1751ஆம் ஆண்டு ழான் எத்தியென் கெத்தார் என்னும் அறிஞர் அவ்வழியே பயணம் செய்தார். கட்டடங்களிலிருந்த கரிய கல் அவர் கண்ணில் பட்டது. அது எரிமலைக்கல்லைப் போல் இருந்ததால், “இந்தக் கல் எங்கிருந்து வருகிறது?” என்று விசாரித்தார். வோல்விக் என்னும் ஊரைக் காட்டினார்கள். அங்கே சென்று பார்த்த பிறகே, அக்குன்றுகள் அணைந்த எரிமலைகள் என்பது உலகுக்குத் தெரிந்தது. ஒரு கல்லைப் பார்த்து எழுந்த ஒரு கேள்விதான் அத்தனைக்கும் தொடக்கம்.

உண்மையை அறிந்த பிறகு அவ்வூர் மக்கள் தங்கள் குன்றுகளைப் பார்க்கும் பார்வையே மாறியது. லெம்ப்டெஜி என்னுமிடத்தில் கல் எடுத்த பழைய சுரங்கக் குழி, இன்று எரிமலையின் உட்புறத்தைக் காட்டும் திறந்தவெளி வகுப்பறையாக விளங்குகிறது. பியூய் தெ தோம் உச்சிக்குச் செல்ல 2012ஆம் ஆண்டு முதல் மின்சார இரயில் ஓடுகிறது. 2018இல் யுனெஸ்கோ அம்மலைத்தொடரை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. தன் பாறைகளின் பழைமையால் லங்காவித் தீவு 2007இல் யுனெஸ்கோவின் புவிப்பூங்கா என்னும் தகுதியைப் பெற்றது. மக்கள் தங்கள் நிலத்தின் மதிப்பை அறிந்தால்தான் அதைக் காக்க முன்வருவார்கள் என்பதை இவை உணர்த்துகின்றன.

மலை என்பது அறிவியல் கூடமும் ஆகும். 1648இல் பியூய் தெ தோம் மலையின் அடியிலும் உச்சியிலும் பாதரசத்தின் உயரம் அளக்கப்பட்டு, உயரே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைகிறது என்பது மெய்ப்பிக்கப்பட்டது. நம் குனோங் லேடாங்கிற்கும் அத்தகைய வரலாறு உண்டு. இயற்கை அறிஞர் ஆல்பிரட் ரஸல் வாலஸ் 1854இல் அம்மலையில் ஏறினார். அங்கு வளரும் அரிய பெரணிகளைக் கண்டு வியந்தார். தாகம் எடுத்தபோது குடுவைச் செடிகளில் தேங்கிய நீரைக் குடித்ததையும் தம் நூலில் எழுதியுள்ளார். உலகப் புகழ்பெற்ற அறிஞர் தேடி வந்த மலை, நமக்கு ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது.

இக்கருத்தை மறுப்போரும் உளர். மலையேறுவது ஆபத்து என்பர் சிலர். அவர்களின் அச்சம் நியாயமானதே. திடீர் மழையில் ஓடைகள் பெருக்கெடுக்கும், பாறைகள் வழுக்கும். ஆயினும், பாறையைப் படிக்க உச்சிவரை ஏற வேண்டிய தேவை இல்லை. அடிவாரத்திலேயே போதிய கற்கள் உள்ளன. பூங்கா விதிகளைப் பின்பற்றி, வழிகாட்டியின் துணையுடன், மழைக்காலம் தவிர்த்துச் சென்றால் ஆபத்தைக் குறைக்கலாம். தேர்வுக்கு நேரம் போதாது என்பர் வேறு சிலர். ஒரு நாள் கையில் எடுத்துப் பார்த்த கல், பத்து நாள் மனனம் செய்த பாடத்தைவிட நெடுநாள் மனத்தில் நிற்கும். செலவைப் பற்றிய கவலையும் உண்டு. தொலைவில் உள்ள கேளிக்கைப் பூங்காவுக்கு ஆகும் செலவைவிட உள்ளூர் மலைக்குச் செல்ல ஆகும் செலவு குறைவு. பெற்றோர் ஆசிரியர் சங்கம் கைகொடுத்தால் வசதி குறைந்த மாணவரும் விடுபடமாட்டார்.

குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என நிலத்தைப் பகுத்து, அதனோடு வாழ்வை இணைத்துப் பார்த்தது நம் தமிழ் மரபு. அம்மரபில் வந்த நம் முன்னோர், இந்நாட்டின் காட்டைத் திருத்தித் தோட்டமாக்கினார்கள். அவர்கள் வியர்வை சிந்திய தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாக மாறி வருகின்றன. செம்மண்மீது தார்ச்சாலை படிந்துவிட்டால், அடுத்த தலைமுறைக்கு அம்மண்ணின் நிறம்கூடத் தெரியாமல் போகலாம்.

ஆகவே, மாணவர்களே, அடுத்த பள்ளி விடுமுறையில் உங்கள் தாத்தா பாட்டியிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “நீங்கள் வேலை செய்த தோட்டத்து மண் என்ன நிறம்?” அவர்கள் சொல்லும் விடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் புவியியல் ஆசிரியருடன் அவ்விடத்துக்குச் சென்று பாருங்கள். நாம் வாழும் நிலத்தைப் பற்றிய அறிவு அந்த ஒரு பிடி மண்ணிலிருந்து தொடங்கட்டும்.